உங்களுக்குத் தெரியுமா? ஆளைத் தூக்கி எறியும் லிஃப்ட்!

கட்டுமான இடங்களில் நீண்ட கையின் நுனியில் கூடையோடு உயரும் பூம் லிஃப்டின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினாலே போதும். மேலே கூடை சவுக்குப்போல் சுண்டி, உள்ளே நிற்பவரைத் தடுப்புக் கம்பிக்கு மேலாக வீசிவிடக்கூடும்.

● அதனால், 1971-இல் தொடங்கிய அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸின் கயிற்றைக் கூடையிலோ லிஃப்டின் கையிலோ மாட்டியே வேலை செய்ய வேண்டும்.

● பக்கத்துத் தூணில் மாட்டக் கூடாது. லிஃப்ட் நகர்ந்தால் அந்தக் கயிறே ஆளை வெளியே இழுத்துவிடும்.

● எட்டவில்லை என்று கூடையின் விளிம்பில் ஏறுவதற்கும், உள்ளே ஏணியோ பலகையோ போட்டு நிற்பதற்கும் தடை.

● ஆனால், நேராக மேலெழும் கத்தரி லிஃப்டை ஓஷா நகரும் சாரமாகவே கருதுகிறது. அதனால் அதில் சுற்றியுள்ள தடுப்புக் கம்பிதான் முதல் காவல்.

● பூம் லிஃப்டின் கட்டுப்பாட்டு விசைகளைத் தினமும் வேலைக்கு முன் சோதிப்பது கட்டாயம்.