ஒரு பெயர், மூன்று எழுத்து!

பிறப்புப் பத்திரத்தில் 'லெட்சுமி', பள்ளிப் பதிவேட்டில் 'லட்சுமி', தோட்டத்துச் செக்ரோலில் 'லெச்சுமி'. ஆள் ஒருவர்தான்! நம் குடும்பங்களில் இது புதிய கதையா என்ன?

பெற்றோர் சொன்னதைக் காதால் கேட்டு ஒருவர் ரோமன் எழுத்தில் எழுதினார். அதைப் பார்த்துக் கிராணியார் எழுதினார். கைமாறும் போதெல்லாம் ஓர் எழுத்து கூடிற்று அல்லது குறைந்தது. சேமநிதிப் பணம் எடுக்கப் போகும் நாளில்தான் அதன் வினை தெரியும்.

இதற்குப் 'பார்த்து எழுதுதல்' என்று பெயர். இன்னொரு முறை 'சுட்டிக் காட்டுதல்'. விவரத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்து, மற்ற ஏடுகளில் அதன் எண்ணை மட்டும் குறிப்பது.

நம் அடையாளக் கார்டு எண் அப்படிப்பட்டதுதான். 1948-இல் அவசரகாலத்தில் ஆள் பதிவு தொடங்கியது. 1990-இல் 12 இலக்க எண் வந்தது; 2001-இல் மைகார்டு வந்தது. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், ஜொகூருக்கு 01. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். பெயரை யார் எப்படி எழுதினாலும் எண் மாறாது.

தம்போயில் மளிகைக் கடை நடத்துபவருடைய கணினிக் கணக்கிலும் இதே சங்கதிதான். வாடிக்கையாளர் முகவரி ஓரிடத்தில் இருந்து, பில்கள் அதைச் சுட்டினால், அவர் வீடு மாறும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சுட்டிக் காட்டிவிடலாமா? கூடாது! அரிசி விலையைப் பழைய பில்லும் விலைப்பட்டியலிலிருந்தே எடுத்தால், இன்று விலை ஏறியதும் போன வருடத்துப் பில்லும் ஏறிவிடும். சம்பளச் சீட்டும் அப்படியே. அன்று கொடுத்த கூலி அன்றைய தொகையாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்றைய நிலை வேண்டுமா, சுட்டுங்கள். அன்று நடந்தது வேண்டுமா, எழுதி வையுங்கள்.

அன்பர்களே, இன்றிரவே பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதி அறிக்கை, சொக்சோ கடிதம், வங்கிப் புத்தகம் அனைத்தையும் பாயில் பரப்பிப் பெயரையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் முதலில் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். அங்கே திருத்தியதும் மற்ற இடங்களில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். திருத்திய கார்டுடன் ஒவ்வோர் அலுவலகமாகச் சென்று கேளுங்கள்.

உழைத்த காசு உரியவர் கைக்கு வர, ஓர் எழுத்து குறுக்கே நிற்கலாமா?