உத்திரமேரூர்ல வீடு பார்க்கறீங்களா? அது ஏலத்துக்கு வந்த வீடான்னு ஆப் சொல்லாது!



ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ வேலை. மாசம் 35, 40 ஆயிரம் சம்பளம். சென்னைப் பக்கம் வீடு வாங்க நினைச்சாலே மூச்சு முட்டுது. அதனால பார்வை உத்திரமேரூர் மாதிரி ஊர்ப்பக்கம் திரும்புது. அப்பதான் நம்ம சேனலுக்கு இந்தக் கேள்வி வருது: "பேங்க் ஏல வீடு மலிவா கிடைக்குமாமே, எந்த ஆப்ல பார்க்கறது?"

அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. நீங்க சாதாரண வீடுன்னு நினைச்சு ஆப்ல பார்க்கற வீடே, பேங்க் நோட்டீஸ் வந்த வீடா இருந்தா?

எனக்கு அப்படித்தான் ஆச்சு. உத்திரமேரூர்ல ஒரு தனி வீடு, ஆப்ல "அவசர விற்பனை"ன்னு போட்டிருந்தாங்க. அக்கம்பக்கத்து ரேட்டை விட நாலு லட்சம் கம்மி. கை விட்டுப் போயிடுமோன்னு அன்னிக்கே 25 ஆயிரம் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல போனா, கேட்டுல நோட்டீஸ் ஒட்டிக் கிழிச்ச பசைத் தடம். எதிர் வீட்டு அம்மாதான் சொன்னாங்க: "பேங்க்காரங்க வந்து ஒட்டிட்டுப் போனாங்க தம்பி." டோக்கன் பணத்தைக் கேட்டு அஞ்சு மாசம் அலைஞ்சேன். 15 ஆயிரம்தான் திரும்ப வந்தது.

ஆப்ல ஏன் தெரியறதில்ல?

வீட்டுக் கடன் கட்டாம கணக்கு வாராக்கடன் ஆயிட்டா, பேங்க் 2002-ல வந்த சர்ஃபாசி சட்டத்தைக் கையில எடுக்கும். முதல்ல 60 நாள் டைம் கொடுத்து நோட்டீஸ். கட்டலைன்னா சொத்தைக் கையகப்படுத்தற நோட்டீஸ். அதை வீட்டுல ஒட்டணும், ரெண்டு பேப்பர்லயும் போடணும். அதுல ஒண்ணு உள்ளூர் மொழிப் பேப்பரா இருக்கணும். அதுக்கப்புறம் 30 நாள் அவகாசம் கொடுத்து ஏல அறிவிப்பு.

ஆக, முதல் நோட்டீஸ்ல இருந்து ஏலம் வரைக்கும் மாசக்கணக்கா ஆகும். அந்த இடைவெளியில ஓனரோ புரோக்கரோ அதே வீட்டை ஆப்ல போடலாம். ஆப் பேங்க்கைக் கேட்டுட்டா போடுது? சில ஆப்ல "பேங்க் ஆக்ஷன்"னு தனிப் பிரிவு இருக்கு, உண்மைதான். ஆனா ஒரு வீடு அந்தப் பிரிவுல இல்லைங்கறதால பிரச்சினையே இல்லைன்னு அர்த்தம் ஆகாது.

இங்க முக்கியமான விஷயம் ஒண்ணு. 60 நாள் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, பேங்க்கோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம ஓனர் அந்தச் சொத்தை விற்கக் கூடாது. அதே சட்டத்துல 13(13) பிரிவு இதைச் சொல்லுது. "லோன் கொஞ்சம் பாக்கி இருக்கு சார், நீங்க கொடுக்கற பணத்துல அடைச்சிடறேன்"னு சொன்னா, பேங்க் லெட்டரைக் காட்டச் சொல்லுங்க. லெட்டர் இல்லாம ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க.

தேடினாலும் ஏன் சிக்கறதில்ல?

சரி, ஏல வீடுதான் வேணும்னு தெரிஞ்சே தேடறீங்க. அப்பவும் பெயர்க் குழப்பம் படுத்தும். உத்திரமேரூரை இங்கிலீஷ்ல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்க. ஒரு எழுத்து மாறினாலும் தேடல்ல வராது. மாவட்டமும் அப்படித்தான். 1997-க்கு முன்னாடி எழுதின பத்திரத்துல செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்னு இருக்கலாம். அப்புறம் காஞ்சிபுரம். 2019-ல செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரிஞ்சப்ப மதுராந்தகம் அந்தப் பக்கம் போச்சு, உத்திரமேரூர் காஞ்சிபுரத்துலயே இருந்துடுச்சு. ஏல அறிவிப்புல பழைய பத்திரத்துல இருக்கற விவரத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தா, நீங்க எந்த மாவட்டத்துல தேடுவீங்க?

அதனால ஊர்ப் பேரை நம்பாதீங்க. சர்வே நம்பரைப் பிடிங்க. அதுதான் வீட்டோட ஆதார் நம்பர் மாதிரி.

நாலு இடத்துல பாருங்க

1. பேங்க்நெட்: பொதுத்துறை வங்கிகளோட ஏலச் சொத்துகளுக்கான தளம். 2025 ஜனவரியில புதுசா வந்தது. ஊர்ப் பேரை நாலஞ்சு ஸ்பெல்லிங்ல போட்டுத் தேடுங்க. தனியார் வங்கி, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளோட ஏலத்தை அவங்கவங்க வெப்சைட்டுலயும் பாருங்க.

2. ஈ.சி.: டிஎன்ரெஜிநெட் தளத்துல வில்லங்கச் சான்றை இலவசமாவே பார்க்கலாம். பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்ச பதிவு இருந்து, அதுக்கப்புறம் கடன் தீர்ந்த ரசீதுப் பதிவு இல்லைன்னா, கடன் இன்னும் இருக்குன்னு எடுத்துக்கோங்க. ஆனா பேங்க் நோட்டீஸ் விட்ட விஷயம் பொதுவா ஈ.சி.யில வராது. அதனால ஈ.சி.யோட நிறுத்தாதீங்க.

3. செர்சாய்: அடமானங்களைப் பதிவு பண்ற மத்தியப் பதிவேடு. சின்னக் கட்டணம் கட்டினா யார் வேணும்னாலும் சொத்து விவரம் போட்டுத் தேடலாம்.

4. நேர்ல: கேட்டைப் பாருங்க, சுவரைப் பாருங்க, எதிர் வீட்டுல பேசுங்க. எனக்கு எந்த வெப்சைட்டும் சொல்லாததை ஒரு அம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க.

ஏலத்துல எடுக்கறதுன்னா பணக்கணக்கு

அடிப்படை விலை 20 லட்சம்னு வெச்சுக்கோங்க. முன்வைப்புத் தொகை பெரும்பாலும் 10%, அதாவது 2 லட்சம். அதே விலைக்கு உங்களுக்கு விழுந்தா, அன்னிக்கே இல்லைன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள 25% ஆகணும். அதாவது இன்னும் 3 லட்சம். விற்பனை உறுதியான 15 நாள்ல மீதி 15 லட்சம். பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா அதிகபட்சம் 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். "ஏலம் எடுத்துட்டு லோன் போட்டுக்கலாம்"னு இறங்கினா மாட்டிக்குவீங்க. லோன் கிடைக்குமான்னு முன்னாடியே பேசி முடிச்சிடணும்.

கட்டலைன்னா? தமிழ்நாட்டுல இருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு ஒண்ணு. 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் 25% கட்டிட்டு, மீதியைக் கட்ட முடியல. அந்த 3 கோடி சொச்சம் முழுசையும் பேங்க் எடுத்துக்கிட்டது சரிதான்னு 2024 பிப்ரவரியில தீர்ப்பு வந்தது. நம்ம கணக்குல அது 5 லட்சம். எத்தனை வருஷ சேமிப்புன்னு யோசிச்சுப் பாருங்க.

ஏல அறிவிப்புல "உள்ளது உள்ளபடி"ன்னு ஒரு வரி இருக்கும். வீட்டு வரி பாக்கி, கரண்ட் பில் பாக்கி எல்லாம் உங்க தலையில விழலாம். பேங்க் கையில இருக்கறது பேப்பர் அளவு சுவாதீனமா, சாவியே இருக்கான்னும் கேளுங்க. வெறும் பேப்பர்னா, உள்ள ஒரு குடும்பம் இருக்கும். அவங்களை வெளியேத்தற வேலையோட வலியும் செலவும் வேற.

நம்ம ஊர்ப்பக்கம் இன்னொண்ணு: விவசாய நிலத்து மேல சர்ஃபாசி சட்டம் செல்லாது. வீடு இருக்கற இடம் ரெவின்யூ ரெக்கார்டுல இன்னும் நஞ்சை, புஞ்சைன்னு இருந்தா, ஏலத்தையே எதிர்த்து வழக்கு வரலாம். பட்டாவையும் மனை அங்கீகாரத்தையும் ஒரு வக்கீல் கிட்ட காட்டிடுங்க. அந்த ஃபீஸ் வீண் செலவே இல்ல.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. வாரியத்துக்கு வர்றவருக்குச் சொந்த மனையில வீடு இருக்கணும், முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாதுன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்ச ஊர் அது. அங்க வீடு வாங்கப் போற நாமளும் அதே விதியை வெச்சுப்போம்: கணக்குக் காட்டாத வீட்டுக்கு டோக்கன் கிடையாது.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. நீங்க ஆப்ல சேவ் பண்ணி வெச்சிருக்கற வீட்டோட சர்வே நம்பரைக் கேளுங்க. கொடுக்கத் தயங்கினா, அடுத்த வீட்டைப் பாருங்க.

அடுத்த வீடியோவுல ஈ.சி.யை வரி வரியா எப்படிப் படிக்கறதுன்னு பார்ப்போம்.