நீருள் மறைந்த ஆலயம்

மருங்காபுரி போன்ற வானம் பார்த்த நிலத்தினராகிய நமக்குப் பரந்த நீரைக் காண்பதே ஒரு திருவிழா. கட்டுச்சோற்றுடன் முக்கொம்பிற்குச் செல்கின்றோம். ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டையொட்டிக் கொள்ளிடத்தின் தலைப்பில் எழுப்பிய மேலணை ஆங்குளது. அவ்விடத்து வந்து பிரியும் நீரோ பெரும்பாலும் மேட்டூர் விடுத்தது. ஆதலின் மேட்டூரையும் காண விழைதல் இயல்பே.

1934-இல் நிறைவுற்ற அவ்வணை 120 அடி உயரம் நீர் தேக்குவது. பூங்காவில் உலாவி, வறுத்த மீனைச் சுவைத்து (அச்சுவை தனிச்சுவைதான்!) மீள்வோரே பலர். அந்நீரின்கீழ் ஊர்கள் கிடத்தலை நினைப்பார் சிலர். நீர் வெகுவாகத் தாழுங்கால், பண்ணவாடிப் பக்கத்தே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் வெளிப்படும். உடனே அவற்றைக் காணக் கூட்டம் திரளும்.

நமக்கோ அக்காட்சி இருவகையில் நெஞ்சை உறுத்துகின்றது. பிறர் வயல் விளையும்பொருட்டு அவ்வூரார் தம் மனைகளையும் வழிபாட்டிடங்களையும் இழந்தனர். அக்கோபுரம் நெடுநாள் வெளிப்பட்டு நிற்கும் ஆண்டிலோ அவ்வயலுக்கே நீரில்லை. ஜூன் 12-இல் திறக்கும் வழக்கமுடைய மதகுகள் அத்தகைய ஆண்டுகள் பலவற்றில் அந்நாளில் திறவாதே நின்றன. அப்பொழுது முக்கொம்பிற் சென்றார் கண்டது பெரிதும் மணலே.