சூறாவளி வருமுன்

கார்த்திகை பிறந்துவிட்டால், கீழைக்கரையில் வாழும் எம்மவர் கண்கள் அடிக்கடி கடல்வானை நாடும். காரணம் உண்டு. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பிலும் அதற்குத் தெற்கேயுள்ள கரையூர்களிலும் மோதிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டது, தென்னந்தோப்புகளைச் சாய்த்தது, எண்ணிறந்த வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது.

மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். வீடும் கைத்தறியும் ஒரே வளவில் அமைந்த குடும்பங்களுக்கு நூலும் நெய்த சாரமுமே முதல். மாரிவெள்ளம் வருமென்றால் அவற்றைப் பரணில் ஏற்றிவைப்பது இயல்பு. ஆனால் வெள்ளத்துக்குக் காப்பாகும் பரண் சூறாவளிக்குக் காப்பாகாது என்பதையே இங்கு வற்புறுத்த விரும்புகிறேன். வெள்ளம் கீழிருந்து ஏறுகிறது; காற்றோ முதலிற் கூரையையே பறிக்கிறது. கூரை போனபின் பரணிலுள்ள நூல் என்னாகும்? அதனைப் பொலித்தீனிற் பொதிந்து, கொங்கிரீட் கூரையுள்ள உறவினர் வீட்டுக்கு முன்னதாகவே அனுப்பிவிடுதல் நன்று. காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அவ்வாறே.

விரையுங் காற்று கூரையை மேலிருந்து உறிஞ்சுகிறது; உடைந்த யன்னல்வழிப் புகுந்த காற்று உள்ளிருந்து தூக்குகிறது. ஆதலால் யன்னல்களைப் பலகையடித்து மூடுதலும், கைமரங்களைச் சுவரோடு கம்பியாற் பிணைத்தலும் முதற் கடமைகளாகும். முற்றத்துத் தென்னையின் தேங்காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். தளர்ந்த தகரங்களை அகற்ற வேண்டும். குடிநீரை நிறைத்துவைத்துக் கிணற்றையும் மூடிவிடுக.

சூறாவளியின் மையம் நேரே கடக்குமாயின், நடுவிற் காற்று ஓய்ந்துபோகும். அவ்வமைதியை நம்பி வெளியேறலாகாது. முன்னர் வடக்கிருந்து வீசிய காற்று, மையம் மேற்கே நகர்ந்ததும் தெற்கிருந்து திரும்பி மோதும். மையம் நமக்குத் தெற்கே கரையேறினாலோ காற்று கடலிலிருந்து வீசும். கடலும் உடன் ஏறும். அப்போது எந்தப் பிணைப்பும் கரையோர வீட்டைக் காக்குமென்பதற்கு உறுதியில்லை.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எவ்வித முன்னறிவிப்புமின்றி இவ்வூரினுட் புகுந்தது. சூறாவளி அப்படியன்று, வானிலை அறிவிப்பால் ஓரிரு நாள் தவணை பெரும்பாலும் கிடைக்கிறது. தறியை விட்டுப் பிரிய மனமின்றி அத்தவணையை வீணாக்கலாமா? முதியோரையும் குழந்தைகளையும் பகலிலேயே உள்ளூர்ப் பக்கம் அழைத்துச் செல்க. தறியை மரங்கொண்டு மீளச் செய்துகொள்ளலாம். அதை இயக்கிய கைகளை எங்கே பெறுவோம்?