உங்களுக்குத் தெரியுமா? நிலவின் படம் முதலில் வெறும் எண்தான்!

பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்டது. அதன் நிலப்பரப்புக் கேமரா அனுப்பியது படமல்ல, எண்கள். 100 கி.மீ. உயரத்திலிருந்து வரிக்கு 4000 பிக்சல், பிக்சலுக்கு 5 மீட்டர். ஆக, ஒரே வரியில் 20 கி.மீ. அகல நிலவுத் தரை! ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 1023 வரை ஓர் எண். கறுப்பு வெள்ளைதான், நிலவுக்கு அது போதாதா?

எண்கள் மட்டும் வரிசையாக நிற்கும் கோப்பைச் சாதாரணப் படச் செயலி திறக்காது. அகலம் எவ்வளவு என்று உள்ளே எழுதியிருக்காதே! நிரலில் நாம்தான் சொல்ல வேண்டும். 4000-க்குப் பதில் 3999 என்று கொடுத்துப் பாருங்கள்: வரிக்கு ஒரு பிக்சல் வீதம் நகர்ந்து, வட்டமான பள்ளம் சாய்ந்து இழுபட்டுவிடும்.

அகலத்தையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் மிக எளிய பட வடிவங்களில் ஒன்று பி.ஜி.எம். ‘பி5’ என்ற அடையாளம், அகலம், உயரம், உச்ச மதிப்பு ஆகியவற்றைத் தலைப்பில் எழுதி, பின்னால் எண்களைக் கொட்டினால் படம் தயார். உச்ச மதிப்பு 255-ஐத் தாண்டினால் பிக்சலுக்கு 2 பைட் வேண்டும்; அதில் உயர் மதிப்புப் பைட் முன்னால் வர வேண்டும். மாற்றி வைத்தால் நிலவு இருக்காது, புள்ளிக் குப்பைதான்.

சந்திரயான் தரவுகளை இஸ்ரோவின் ‘பிரதான்’ தளத்தில் பதிவு செய்து இலவசமாகப் பதிவிறக்கலாம். பைதான் நிரல்மொழி தெரிந்த கல்லூரித் தம்பி, தங்கைகள் ஒருமுறை முயன்று பாருங்களேன்!