தீவக மாணாக்கரும் உணவும்

ஊர்காவற்றுறைக்கு அப்பால், பனை மலிந்த சிறு தீவு எழுவைதீவு. அங்கிருந்து உயர்கல்வி நாடும் மாணாக்கன் கடல் கடந்தே பட்டினம் சேரல் வேண்டும். அவனுடைய பெட்டியிலே தாய் கட்டியனுப்பிய புழுக்கொடியலும் பனாட்டும் இருக்கும். விடுதியை அடைந்ததும் அவற்றைப் பிறர் காணாவண்ணம் மறைத்துவைக்கிறான். இதனை எழுதுவோனும் ஒருகாலத்தில் அவ்வாறு செய்தவனே!

மறைத்தவன் உண்பது யாது? காலையில் வெறுந் தேநீர், இடைவேளையிற் பணிஸ். வயிறு நிரம்பியதுபோலத் தோன்றும். ஆயின் மூன்றாம் பாடவேளையிலே தலை சாயும். உணவுடன் பருகும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதையும் நம் மாணாக்கர் எண்ணுவதில்லை.

வெண்மையான உணவே உயர்ந்தது என்னும் மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1890ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலே எய்க்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து நோயுறுவதைக் கண்டார். தவிட்டோடு கழிந்துபோன சத்தின் குறையே பெரிபெரி நோய்க்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் அவருக்கு நோபெற் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள்ளே சென்று தங்கிவிடும். புழுங்கலரிசிச் சோற்றை இகழ்வோர் இதனை அறிதல் நன்று.

குரக்கனையும் நோக்குக. நூறு கிராம் குரக்கனிலே ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் உள்ளதோ மிகச் சிறிதே. வளரும் எலும்புக்கு எது வேண்டும் என்பதை விலங்கியல் பயிலும் மாணவனுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஒடியலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பச்சை ஒடியல் மாவிலே நச்சுத்தன்மை உண்டென்பதை எலிகளைக்கொண்டு நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பெண்டிரோ மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்து, நன்கு அவித்த பின்னரே பிட்டாகப் படைப்பர். அவசரத்தில் இம்முறையைச் சுருக்கலாகாது.

1990ஆம் ஆண்டிற்குப்பின் பொருளாதாரத் தடையாற் கோதுமை மா அருகியபோது, ஒடியற் பிட்டும் கூழும் பல வீடுகளிலே அடுப்பேறின. மீனும் நண்டும் பயற்றங்காயும் முருங்கையிலையும் புளியும் சேர்ந்த அக்கூழைப் பலாவிலை கோலிக் குடித்தவர்களுள், முன்னர்ப் புழுக்கொடியலைப் பெட்டியடியில் ஒளித்தவர்களும் இருந்தனர். கூழ் ஆறுமுன் இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்களும் அவர்களே.