சிற்றூரும் செய்தியும்

அரசு மக்களுக்கென எத்தனையோ நலத்திட்டங்களை வகுக்கின்றது. ஆயினும், அவற்றைப் பற்றிய செய்தி உரியவரை உரிய காலத்தில் அடையாவிடின், அவை ஏட்டளவிலேயே நின்றுவிடும். முதியோர்க்கு உதவித்தொகை உண்டு என்பதை அறியாத மூதாட்டிக்கு அத்திட்டத்தால் விளையும் பயன் யாது? செய்தியைச் சிற்றூரின் கடைசி வீடுவரை கொண்டு சேர்க்கும் வழியைப் புதுச்சேரி நமக்குக் காட்டியுள்ளது.

வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1998-ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றுக்குத் தலைமை நிலையமாயிற்று. ஊராருக்கு வேண்டுவன யாவை என்பதை முதலில் அவர்களிடமே கேட்டறிந்தனர். மையத்திற்குரிய இடத்தை ஊரார் அளித்தல் வேண்டும். சாதி வேறுபாடின்றி யாவரும் அங்கு வருதல் வேண்டும். இவையே நிபந்தனைகள். ஏம்பலத்தில் கோயிலுக்குரிய இடத்திலேயே மையம் அமைந்தது. அவ்வவ்வூரைச் சேர்ந்த தொண்டர்கள், விளைபொருள் விலை, மருத்துவ வசதி, அரசு உதவி ஆகியவற்றைப் பற்றிய செய்திகளைத் தமிழில் தந்தனர். கடற்கரை ஊராகிய வீராம்பட்டினத்தில், அன்றன்றைய அலையின் உயரத்தை ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். எழுதப் படிக்க அறியாதவரும் அதனால் பயனடைந்தனர்.

இம்முயற்சியின் பெருமையை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் உலகம் உணர்ந்தது. அன்று ஆழிப்பேரலை எழுந்தது. சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர், செய்தியறிந்து தொலைபேசி வழியே தம் ஊருக்கு எச்சரிக்கை விடுத்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மக்கள் மேட்டு நிலத்தை நோக்கி விரைந்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆயினும், ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் பிழைத்தனர்.

அன்று ஊருக்கு ஒரு மையம் இருந்தது. இன்று பலர் கையிலும் கைப்பேசி உள்ளது. ஆகவே, 'சாட்பாட்' எனப்படும் உரையாடு பொறி இப்பணிக்கு வந்துள்ளது. 2023-ஆம் ஆண்டில் அரியானாவில் உள்ள பிவான் என்னும் சிற்றூரில் 'ஜுகல்பந்தி' என்னும் பொறியைச் சோதித்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த 'ஏஐ ஃபார் பாரத்' குழுவின் மொழிக்கருவிகள் அதற்குத் துணைநின்றன. ஒருவர் தம் ஐயத்தை வாட்ஸ்அப்பில் தம் தாய்மொழியில் பேசி அனுப்பலாம். பொறி அப்பேச்சை எழுத்தாக்கும்; பின்னர் ஆங்கிலத்தில் பெயர்க்கும்; திட்டக் குறிப்புகளில் விடையைத் தேடும்; கண்ட விடையை மீண்டும் அவர்தம் மொழியில் பெயர்த்துக் குரலாக வழங்கும். தொடக்கத்தில் அது 10 மொழிகளில், 171 திட்டங்களைப் பற்றி விளக்கியது.

எனினும், பொறி தவறான விடையையும் தயக்கமின்றிக் கூறக்கூடும். அதனை நம்பி அலுவலகம் செல்லும் கூலித்தொழிலாளி ஒரு நாள் ஊதியத்தை இழப்பார், உதவியும் பெறார். எனவே, திட்டக் குறிப்புகளைக் காலந்தோறும் திருத்துதல் வேண்டும். விடையைச் சரிபார்த்து உதவும் மனிதரும் ஊரில் இருத்தல் வேண்டும். அன்று நல்லவாட்டைக் காத்தது ஒலிபெருக்கி மட்டுமன்று. செய்தியை அனுப்பிய அன்பும், அதனை ஊரெங்கும் பரப்பிய பொறுப்புணர்வுமாகும். கருவிகள் மாறலாம், இவ்விரண்டும் என்றும் மாறாமல் இருத்தல் வேண்டும்.